கவ்வியின் நெற்றியில்

தல்லாகுளத்தில் காப்புரிமை முகவர் ஜெரால்டின் அறைக்கு வெளியே தங்கப்பாண்டி பதினொரு மணியிலிருந்து காத்திருந்தார். திருமங்கலத்துப் பட்டறையில் லேத்தை நிறுத்திவிட்டு வந்திருந்தார். நகக்கண்களில் கிரீஸ் போகவில்லை. அருகில் மனைவியின் தம்பி அழகுபாண்டி. அவன் வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டாரைத் தூக்கும்போது நழுவிய குழாய் அவற்றை நசுக்கியிருந்தது. பாரம் ஏற ஏறக் குழாயைத் தானே இறுகப் பிடிக்கும் கவ்வியை அதன் பிறகுதான் தங்கப்பாண்டி செய்தார். காப்புரிமைக்கு விண்ணப்பித்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன.

"அஞ்சு வருசத்துல எங்க எருமை மூணு கன்னு போட்டிருச்சு மச்சான். ஒங்க காயிதம் இன்னும் நெறமாசமாவே கெடக்கு."

"சும்மா இரு மாப்ள."

உள்ளே ஜெரால்ட் ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார். "ஒரு கம்பெனி எதிர்ப்பு மனு போட்டிருக்குண்ணே. கூடவே இந்தப் படம்."

பட்டறை வாசல், வாழைக்கன்று, மேசைமேல் புதுக் கவ்வி. அதன் நெற்றியில் ஒரு ரூபாய் அகலத்தில் சந்தனப் பொட்டு. பக்கத்தில் மனைவி நாகஜோதி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆயுத பூசைக்கு வச்சது சார். சம்சாரம் ஃபேஸ்புக்ல போட்டுச்சு. நாம மனுப் போட்டதுக்குப் பத்து நாள் முந்தி."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையேண்ணே?"

"மொதப் பீசு சார். சாமிக்கு வைக்காம எப்பிடி ஆபீசுக்கு அனுப்புறது?"

ஜெரால்ட் பேனாவை மூடினார். "ஊருக்குக் காட்டிட்டு மனுப் போட்டா, அது புதுசுன்னு ஒத்துக்க மாட்டாங்க. ஒரு நாள் முந்துனாலும் அப்படித்தான். காப்புரிமை இல்லாட்டி யாரும் அதச் செஞ்சு விக்கலாம்."

"செஞ்சது நாந்தேன்னு அந்தப் படமே சாட்சி சொல்லுதே சார்!"

"நீங்க செஞ்சதுன்னு அவங்களும் ஒத்துக்கிறாங்க. அதத்தான் மனுவுல எழுதியிருக்காங்க."

"விசாரணை எப்ப சார்?"

"தேதி வர இன்னும் ஒரு வருசம் ஆகலாம்."

"ஜெயிப்பமா?"

ஜெரால்ட் தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

பட்டறைக்குத் திரும்பியபோது, விவசாயி முத்திருளன் மடியில் சாக்குப்பையோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"கடையில வாங்குனது தம்பி. ரெண்டே தடவதேன், விண்டுபோச்சு. நீங்கதேன் இதுல கெட்டிக்காரருன்னாக."

பைக்குள் மஞ்சள் வண்ணம் பூசிய கவ்வி. மேலே எதிர்ப்பு மனு போட்ட கம்பெனியின் பெயர்.

"மச்சான், நம்ம கவ்வியில இந்தக் குமிழ் கெடையாதே. இது எதுக்கு?" என்றான் அழகுபாண்டி.

கவ்வியின் நெற்றியில், படத்தில் பொட்டு இருந்த அதே இடத்தில், அதே ஒரு ரூபாய் அகலத்தில், எதையும் பிடிக்காத வட்டக் குமிழ் ஒன்று முறுக்கிப் பொருத்தப்பட்டிருந்தது. அதற்காகப் போட்ட துளையிலிருந்துதான் விரிசல் ஓடியிருந்தது. தங்கப்பாண்டி அந்தக் குமிழைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். பிறகு கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரிசலைப் பற்றவைக்கக் குனிந்தார்.