சலவை அறைக்குப் பக்கத்துச் சபை

ஸ்வீடனின் கோதன்பர்க்கில் பாஸ்டர் தூரே தொடங்கிய சபைக்கு வந்தவர்கள், ஜெபம் ஆரம்பித்ததும் நாற்காலியை விட்டு ஒரு முழம் மேலே எழும்பினார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. படிக்கட்டில் பக்கத்து வீட்டுக்காரர் எதிர்ப்பட்டுவிடக் கூடாதே என்று கதவுத் துளை வழியாகப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். மிதப்பதைப் பற்றியா வாய் திறக்கப்போகிறார்கள்? சபை கூடியது குடியிருப்பின் அடித்தளத்தில், பொதுச் சலவை அறைக்குப் பக்கத்தில். இயந்திரம் துணி துவைத்து முடிக்கும்வரை சும்மா நிற்பானேன் என்று வந்தவர்கள் பாதி, ஏலக்காய் ரொட்டிக்காக வந்தவர்கள் மீதி. ஷூவை வாசலில் கழற்றிவிட்டு வருவதால் மிதக்கும்போது காலுறை ஓட்டைகள் தெரிந்தன. அதுதான் அவர்களுக்குச் சங்கடமாக இருந்தது.

யாராவது ஒரே ஒருவர் தன் வாயால் நம்புகிறேன் என்று சொல்லிக் கேட்கவேண்டும் என்றுதான் தூரே வந்தார். வருஷங்கள் போயின. குடியிருப்புச் சங்கத் தலைவி குன்வோர், காற்றோட்டக் கோளாறு என்று முடிவுகட்டி, ஜெப நேரத்தில் ஆய்வாளரை வரவழைத்தாள். அவர் கூரையில் தலை இடிக்க மிதந்தபடியே குழாய்களைச் சோதித்து, எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு சங்கம் கூடியது.

“மிதக்கறது முதுகுக்கு நல்லாத்தான் இருக்கு. இந்தக் கடவுள் பேச்சத்தான் கொஞ்சம் கொறச்சுக்கலாமே, பாஸ்டர்” என்றாள் குன்வோர்.

தூரே கசந்துபோய், அடுத்த ஞாயிறு கடவுள் பெயரையே எடுக்கவில்லை. ஒருவரும் எழும்பவில்லை. “சரி, அவரும் இருந்துட்டுப் போகட்டும்” என்று கைதூக்கித் தீர்மானம் போட்டார்கள். கடவுளுக்குப் பெரும்பான்மை கிடைத்தது. நம்புகிறவர் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. அன்று தூரே வீட்டுக்குப் போய் அழுதார். இப்படியே போனால் கோடையோடு சபையை மூடிவிட வேண்டியதுதான் என்று தலைமைச் சபை சொல்லிவிட்டது.

தூரே சபை அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், குன்வோர் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

“வீட்டுலயும் ஆரம்பிச்சிடுச்சு. பாத்திரம் கழுவறப்ப. நானாத்தான் அவர்கிட்ட ரெண்டு வார்த்த பேசினேன்.”

“யார்கிட்ட?”

“தெரியாத மாதிரி கேக்காதீங்க. நம்பறேன், போதுமா? வெளிய சொல்லிடாதீங்க. என் புருஷனுக்கே தெரியாது.”

சொல்லும்போதே அவள் கூரைவரை போய்விட்டாள். அந்த நேரம் தலைமைச் சபையிலிருந்து போன். கடைசியாகக் கேட்கிறோம், நம்புகிறவர் ஒருவராவது உண்டா என்றார்கள். மேலே குன்வோர் உதட்டில் விரல் வைத்தாள்.

“ஒருத்தருமில்ல” என்றார் தூரே. வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக அவர் எதையும் சொன்னதில்லை. சபை மூடப்பட்டது. போனை வைத்துவிட்டு, ஸ்டூலில் ஏறி அவளுக்குக் காபியை நீட்டினார்.