நிமிடத்துக்குப் பதினொன்று

"என் கையப் பிடிச்சுக்கிட்டேதான் போனா. ஒரு முனகல்கூட இல்ல. தூங்குற மாதிரி போயிட்டா," என்று ஏழாவது முறையாகச் சொன்னான் ரிச்சர்ட்.

பச்சைப் பொய். நேற்றுவரை பொய் சொல்லத் தெரியாத மனிதன், மனைவியின் சவப்பெட்டிக்கு ஐந்தடி தள்ளி நின்றுகொண்டு வாய் கூசாமல் சொன்னான். கேட்டவர்கள் சிலுவை போட்டுக்கொண்டு, "கொடுத்து வச்சவ லா," என்று நகர்ந்தார்கள். தெம்பனிஸ் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம் முழுக்கப் பிளாஸ்டிக் நாற்காலிகள். நான்கு மணிக்கு ஃபாதர் வந்து ஜெபம் சொன்னதும் ஜெனிவீவை எடுத்துவிடுவார்கள்.

கடைசி வரிசையில், தூணை ஒட்டி, ஒன்பது வயது மகள் கிளாரா உட்கார்ந்திருந்தாள். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து அவள் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

கிளாரா பள்ளிக்கூடம் போகாத பிள்ளை. பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்த ஜெனிவீவ், வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தாள். வருஷா வருஷம் கல்வி அமைச்சுக்கு அறிக்கை போக வேண்டும். அதற்காக ஒரு தடித்த ஃபைல்: வாசிப்பு, அறிவியல், மனிதரோடு பழகுவது என்று மூன்று பிரிவு. தினமும் இரண்டு வரியாவது எழுதிவிடுவாள். லிஃப்ட் பழுதுபார்க்கும் ரிச்சர்டுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் முறை. அவன் எல்லாவற்றுக்கும் 'நன்று' என்று போட்டுவிட்டு எழுந்துவிடுவான். "பாத்தத எழுதுங்க, ஆசப்பட்டத எழுதாதீங்க," என்று அவள் அதை அடித்துவிட்டு மறுபடி எழுதுவாள். மூன்றாம் பிரிவில்தான் அவளுக்கே கை தயங்கும். லிஃப்டில் யாராவது பேர் கேட்டால் பிள்ளை தரையைப் பார்க்கும். "பள்ளிக்கூடம் போகாத புள்ள நாலு பேருகிட்ட எப்படிப் பழகும்?" என்று ரிச்சர்டின் அக்கா பிலோமினம்மாள் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் கேட்பாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

நேற்று நடந்தது இதுதான். வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ், "இன்னைக்கோ நாளைக்கோ," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ரிச்சர்ட் குளித்துவிட்டு அறைக்குள் வந்தபோது, கட்டிலருகே ஸ்டூல் போட்டு, நிறுத்துகடிகாரத்தை வைத்துக்கொண்டு கிளாரா சின்னக் குரலில் எண்ணிக்கொண்டிருந்தாள். மடியில் நோட்டு. எட்டிப் பார்த்தான். காலை ஒன்பது மணி, நிமிடத்துக்குப் பதினெட்டு. மதியம், பதினான்கு. நான்கு மணி, பதினொன்று. அம்மாவின் மூச்சு!

அவனுக்குக் கண் மண் தெரியவில்லை. "அம்மா சாகக் கெடக்குறா, உனக்குப் பாடம் கேக்குதா?" என்று கத்தினான். கையைப் பிடித்து இழுத்துப் போய், நடைபாதையின் கோடியில் இருக்கும் பதுருன்னிசா அக்கா வீட்டில் விட்டான். அக்கா தண்ணீர் கொடுத்தார். குடிக்கும்போதே உடைந்துபோய், கதவோரம் நின்று அழுதான். நான்கு நிமிடமோ ஐந்தோ. திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இன்று காலை, சட்டம் போட அவள் படத்தைத் தேடியபோதுதான் ஃபைலில் அந்த வரிகளைப் பார்த்தான். போன செவ்வாய்க்கிழமை, ஜெனிவீவின் கோணல் கையெழுத்தில்: 'அறிவியல். என் மூச்சை எண்ணச் சொல்லிக்கொடுத்தேன். கையில் வேலை இருந்தால் பயப்படாமல் பக்கத்தில் இருக்கிறாள். கடைசிவரை இருக்கட்டும். ரிச்சர்டிடம் சொல்லிவைக்க வேண்டும்.' சொல்ல மறந்திருக்கிறாள், பாவி மகள்.

கூட்டம் சற்றுக் குறைந்தபோது போய் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் திரும்பவில்லை.

"அம்மா எத்தன மணிக்குப்பா?"

"நாலு பத்து இருக்கும்மா."

"இருக்கும்னா? பாத்தீங்களா?"

ஏழு பேருக்குச் சொன்னது நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொன்னால் பிள்ளை நம்பும். ஆயுசுக்கும் நிம்மதியாக இருக்கும். யாருக்கு என்பதுதான் கேள்வி.

"இல்ல கிளாரா. நான் பாக்கல. உன்ன ஆண்ட்டி வீட்டுல விட்டுட்டு அங்கயே நின்னு அழுதுட்டேன். வந்து பாக்குறப்ப மூச்சு இல்ல."

"அப்ப அம்மா தனியாவா இருந்தாங்க?"

"ஆமா."

கிளாரா அழவில்லை. தன் ஷூவைப் பார்த்தபடியே சொன்னாள்.

"It was not for the report, Appa. அம்மாதான் சத்தமா எண்ணச் சொன்னாங்க. நீ எண்ணுறது காதுல கேட்டா எனக்குப் பயமா இல்லன்னு சொன்னாங்க."

பிள்ளையின் பயத்துக்காக என்றல்லவா ஜெனிவீவ் எழுதியிருந்தாள்! பார்த்ததைத்தான் எழுதுவேன் என்று பிடிவாதம் பிடித்தவள், தன் பயத்தை மட்டும் எழுதாமல் விட்டிருந்தாள். அந்தப் பயத்தைப் போக்கிய குரலைத்தான் நேற்று அவன் கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுபோய் விட்டிருக்கிறான். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தான்.

அதற்குள் பிலோமினம்மாள் ஒரு வயதான அம்மாளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். "தம்பி, இவங்க தஞ்சோங் பகார்லேருந்து வந்திருக்காங்க. ஜெனிவீவுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவங்க. சொல்லுப்பா, உன் கையப் பிடிச்சுக்கிட்டே எப்படிப் போனான்னு."

ரிச்சர்ட் எழுந்து நின்றான். அந்த அம்மாள் ஆவலோடு அவன் முகத்தைப் பார்த்தார். அவன் பெட்டியைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான்.

கிளாராவும் எழுந்தாள். வந்த அம்மாளின் கண்ணைப் பார்த்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"நாங்க ரெண்டு பேரும் வெளியில இருந்தோம். அம்மா தனியாத்தான் போனாங்க."

'நாங்க ரெண்டு பேரும்.' இழுத்துப் போனவனையும் இழுபட்டவளையும் பிள்ளை ஒரே பக்கத்தில் நிறுத்திவிட்டது. வயதான அம்மாள் தம் கையைக் கிளாராவின் தலையில் வைத்து, மெல்ல ஜெபம் சொல்லத் தொடங்கினார்.

ஃபாதரின் கார் வந்து நின்றது. எல்லோரும் எழுந்தார்கள். ரிச்சர்ட் அசையாமல் நின்றான். அவன் சட்டைப் பொத்தான்கள் காலையிலிருந்தே துளை மாறிக் கிடந்தன. கிளாரா அவன் முன்னால் வந்து நின்று, அவற்றைக் கழற்றி ஒவ்வொன்றாகச் சரியாகப் போடத் தொடங்கினாள். மேல் பொத்தானுக்கு எட்டவில்லை. அவன் குனிந்துகொடுத்தான்.