மாமனார் கடித்த ஏர்பிரஷ்

ஞாயிற்றுக்கிழமைகளில் பல் டாக்டரின் கிளினிக்கில் யாருக்கும் பல் பிடுங்குவதில்லை. அன்றைக்கு அங்கே காத்திருப்போர் அறையில் மாடல் கார் சங்கம் கூடும். மொத்தம் ஏழு உறுப்பினர்கள். ஏழு பேரிடமும் சேர்த்து ஆயிரத்துக்கு மேல் கார்கள். அவற்றில் கார் வடிவத்தில் இருந்தவை பதினொன்று. மீதியெல்லாம் பிளாஸ்டிக் சட்டத்தில் உதிரி உதிரியாக, பெட்டியின் மேலே சுற்றிய கண்ணாடித்தாள்கூடக் கிழியாமல், ஏழு வீட்டு அலமாரிகளில் கிடந்தன. பிரிப்பதற்கு நேரம் கிடைக்கவில்லை என்று எல்லாரும் சொல்வார்கள். வாங்குவதற்கு மட்டும் நேரம் கிடைத்துக்கொண்டே இருந்தது.

அந்தப் பதினொன்றையும் கட்டியவர் ஒரே ஆள், லிஃப்ட் மெக்கானிக். எந்நேரமும் எதையாவது தேய்த்துக்கொண்டிருப்பதால் சங்கத்தில் அவர் பெயர் உப்புத்தாள். அவர் ஒரு காரைக் கட்டி முடித்து, பெயிண்ட் அடித்து, பளபளவென்று கொண்டுவந்து வைத்தால் மற்றவர்கள் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு சுற்றி நிற்பார்கள்.

"நல்லாத்தான் இருக்கு," என்பார் மருந்துக்கடைக்காரர். "ஆனா பிரிக்காம வெச்சிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் புதுக் கிட் வாங்கி வந்தாலும் பெட்டி கைக்குக் கை போகும். ஒவ்வொருவரும் அதைக் காதோரம் வைத்து இரண்டு ஆட்டு ஆட்டிக் கேட்பார்கள். கலகலவென்று கேட்டால் உள்ளே ஏதோ சட்டத்தை விட்டு உடைந்திருக்கிறது. சரசரவென்று கேட்டால் எல்லாம் முழுசு. பிரித்துப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடுமே என்று உப்புத்தாள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிள்ளைத்தாய்ச்சியின் வயிற்றைக் கிழித்துப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம் என்ற ஆளைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவரும் ஆட்டிக் கேட்டார்.

சங்கத்திலேயே பெரிய கை, மேனேஜர். இன்சூரன்ஸ் கிளை ஒன்றுக்கு மேலாளர், உப்புத்தாளுக்குச் சகலை. அக்காவைக் கட்டியவர் அவர், தங்கையைக் கட்டியவர் இவர். மேனேஜர் எந்தக் கிட்டையும் இரண்டாகத்தான் வாங்குவார். ஒன்று வைத்துக்கொள்ள. இன்னொன்று, அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் வைத்துக்கொள்ள.

அந்த ஞாயிறும் இரண்டு புதுப் பெட்டிகள் கொண்டுவந்தார். ஆட்டியாயிற்று. சரசர. எல்லாரும் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தபோது, சட்டைப் பையிலிருந்து ஒரு மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்தார். உள்ளே, காற்றால் பெயிண்ட்டைப் பனி மாதிரி தூவுகிற பழைய ஏர்பிரஷ் ஒன்று. பித்தளை உடம்பு, கறுத்துப்போன கிண்ணம், பேனா மாதிரி மெலிந்த வால்.

"பழைய இரும்புக் கடையில கெடந்துது. கடைக்காரனுக்கு இது என்னன்னே தெரியல. மை காலியான பேனான்னு நெனச்சிருக்கான்."

"அடப்பாவி! உங்களுக்குன்னு போய் மாட்டுது பாருங்க," என்றார் மருந்துக்கடைக்காரர்.

பல் டாக்டர் உள்ளே போய் நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு வந்தார். சங்கத்தில் எதைப் பார்ப்பதானாலும் அவர் அப்படித்தான் பார்ப்பார். வாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் நிறுத்தினார்.

"இங்க கடிச்ச தடம் இருக்கு. வேலை பாக்கும்போது வாயில கவ்விக்கிற ஆளு போல. மேல் வரிசையில ஒரு பல்லு கோணல். இதோ, இந்தப் பள்ளம் மட்டும் சாய்ஞ்சு விழுந்திருக்கு பாருங்க. ஆளு இருந்தா சொல்லுங்க, கம்பி போட்டு நிமித்திடலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். உப்புத்தாள் சிரிக்கவில்லை. அந்தக் கோணல் பல்லை அவருக்குத் தெரியும். அது அவருடைய மாமனாரின் பல்.

மாமனார் போட்டோ ஸ்டூடியோவில் படம் திருத்துபவராக இருந்தவர். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் ஊரில் பாதிப் பேர் முகம் அவர் கையால்தான் பார்க்கும்படி ஆயிற்று. பருக்களை அழிப்பார், வழுக்கையில் முடி வளர்ப்பார், சரியான நேரத்தில் கண்ணை மூடிக்கொண்ட கல்யாண மாப்பிள்ளைகளுக்குக் கண்ணைத் திறந்துவிடுவார். எல்லாம் இந்த ஏர்பிரஷ்ஷால். படத்தைத் திருப்ப இரண்டு கையும் வேண்டும் என்பதால் அதை வாயில் கவ்விக்கொள்வார். படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் உப்புத்தாளிடம், "அது உங்களுக்குத்தான் மாப்ள. நீங்கதான் அத வேலைக்கு வெச்சிருப்பீங்க," என்றார். அப்போது அறையில் அவர்களைத் தவிர இருந்தது மின்விசிறி ஒன்றுதான். மனிதர் போன கையோடு போய் அதைக் கொடுங்கள் என்று கேட்டால் நன்றாகவா இருக்கும் என்று உப்புத்தாள் பத்து மாதம் நாகரிகமாக இருந்தார். நாகரிகத்துக்கு வழக்கமாக என்ன கிடைக்குமோ அதுதான் கிடைத்தது.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது சகலையை ஓரங்கட்டினார்.

"சகலை, அது மாமாவோடது."

"மெதுவா பேசுங்க," என்றார் மேனேஜர். "ஆமா. அத்தைதான் குடுத்தாங்க. நானாக் கேக்கல. பரண் சுத்தம் பண்ணப்ப எடுத்து, 'பெரிய மாப்பிள்ளை, நீங்க வெச்சுக்குங்க. சின்னவர்கிட்ட குடுத்தா அதுல பெயிண்ட ஊத்திடுவார்'ன்னாங்க."

"பெயிண்ட் ஊத்தத்தானே அது?"

"அத நீங்க அத்தைகிட்ட கேளுங்க."

"அப்ப எதுக்கு இரும்புக் கடைன்னு சொன்னீங்க?"

மேனேஜர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "மாமியார் குடுத்ததுன்னா அது கண்டெடுத்ததா சகலை?"

பிறகு, இதெல்லாம் ஒரு விஷயமா என்கிற மாதிரி தோளில் கைபோட்டு, கண்ணாடிக் கூட்டை உப்புத்தாளின் கையில் வைத்தார். உள்ளே பழைய மை இறுகிப்போய் விசையே அசையவில்லையாம். சுத்தம் செய்து தரவேண்டுமாம். "உங்கள விட்டா யாருக்குங்க தெரியும்? அடுத்த ஞாயித்துக்கெழமை வரைக்கும் வெச்சுக்குங்க."

முகத்தில் அடித்தாற்போல மறுத்திருக்கலாம். உப்புத்தாள் மறுக்கவில்லை. காரணம், அவர் மேசையில் ஆறு வருஷமாகச் சாம்பல் நிற அடிப்பூச்சோடு நின்ற ஒரு கார். நீள மூக்குக் கார். கூரையின் வெண்ணெய் நிறம் கதவு வழியாக இறங்கி, எங்கே முடிந்தது என்று தெரியாமல் கரும்பச்சையில் கரைய வேண்டும். அவரிடமிருந்த மலிவு ஏர்பிரஷ் நெஞ்சுச்சளி கட்டியவன் மாதிரி நடுநடுவே துப்பும். மூன்று தடவை அடித்து, மூன்று தடவையும் தேய்த்து எடுத்தாகிவிட்டது. அப்படிக் கரைவது மாமனாரின் ஏர்பிரஷ்ஷுக்குத்தான் வரும். பொருள் யார் வீட்டு அலமாரிக்குப் போனால் என்ன, நடுவில் ஒரு வாரம் தன்னிடம் இருக்கிறது. ஒரே ஒரு பூச்சு. அது போதும்.

திங்கள் முதல் வெள்ளி வரை, லிஃப்ட் வேலை முடிந்து வந்ததும் மேசையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு பாகமாகக் கழற்றி ஊறவைத்து, பல் குச்சியாலும் பஞ்சாலும் இருபது வருஷத்து மையை வெளியே கொண்டுவந்தார். முனையில் பெயிண்ட் வெளியே வருகிற நாசில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. அதற்கு மாற்று எந்தக் கடையிலும் கிடையாது. அதைச் செய்த கம்பெனியே இப்போது கிடையாது. நாசிலை விரலால் மட்டும்தான் முடுக்க வேண்டும், ஸ்பேனரைத் தொடவே கூடாது என்று மருந்துக்கடைக்காரருக்கு அவர் ஒருமுறை ஏழு நிமிஷம் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். மருந்துக்கடைக்காரரிடம் ஏர்பிரஷ்ஷே கிடையாது.

சனிக்கிழமை மதியம் எல்லாவற்றையும் பூட்டி, தண்ணீர் ஊற்றிச் செய்தித்தாளில் ஒரு கோடு இழுத்தார். முடி மாதிரி ஆரம்பித்து, விசையை இழுக்க இழுக்க விரல் அகலத்துக்கு விரிந்து, மறுபடியும் முடியாகி முடிந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"தண்ணிதானேங்க?" என்றாள் அவள்.

"தண்ணிதான். ஆனா பாரு!"

அவள் பார்ப்பதற்குள் கோடு காய்ந்துவிட்டது.

வெண்ணெய் நிறத்தைக் கலந்து வைத்தார். தண்ணீரோடு இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தபோது கிண்ணத்தில் ஒரே ஒரு குமிழி வந்தது. நாசில் ஒரு மயிரிழை தளர்வு, காற்று பின்னால் கசிகிறது. தேன்மெழுகு தடவி விரலால் முடுக்கினால் சரியாகிவிடும். மெழுகைத் தேடிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"சகலை, நாளைக்கு வரைக்கும் வேண்டாம். அத உள்ள வெச்சுக் காட்டறதுக்குச் சொல்லியிருந்த கண்ணாடிப் பெட்டி வந்துடுச்சு, அளவு பாக்கணும். உங்க தெரு முனையிலதான் இருக்கேன். பத்து நிமிஷம்."

பத்து நிமிஷம். கூரைக்கு நாலு நிமிஷம், கதவுக்கு நாலு. மெழுகைக் காணவில்லை. உப்புத்தாளின் கை ஸ்பேனரை எடுத்தது. இருபத்திரண்டு வருஷமாக லிஃப்ட் போல்ட்டுகளை முடுக்கிய கை அது. முடுக்கி முடித்த பிறகு இன்னொரு கால் சுற்று வைத்தால்தான் அந்தக் கைக்கு நிம்மதி. லிஃப்டில் அந்தக் கால் சுற்றுதான் மேலே போகிறவர்களின் உயிர். அதே கால் சுற்றை அது கடுகுக்கும் வைத்தது.

சத்தம்கூட வரவில்லை. பெயிண்ட்டை ஊற்றி விசையை அழுத்தினார். கிண்ணம் சோடா மாதிரி கொப்பளித்தது. லென்ஸை வைத்துப் பார்த்தார். நாசிலின் நெடுகத் தலைமுடி மாதிரி ஒரு விரிசல், வாயிலிருந்து அடிவரை.

பிறகு பெயிண்ட்டைக் கழுவி, துடைத்து, பூட்டி, கூட்டில் வைத்தார். வெளியே இருந்து பார்த்தால் புதுசு.

மேனேஜர் வந்து, திறந்து, வாயைப் பிளந்தார். "என்னங்க இது, தங்கமாட்டம் மின்னுது!"

"சகலை, ஒரு விஷயம்…"

"இருங்க, இத ஒரு போட்டோ எடுத்து அத்தைக்கு அனுப்பிக்கிறேன். ஒரு வாரமா தூக்கமில்ல அவங்களுக்கு. 'ஏன் சின்னவர்கிட்ட குடுத்தீங்க, ஒடைச்சுக்கிடைச்சு வெச்சிடுவார்'னு தினமும் போன். நான்தான் சொன்னேன், அவர் கை சுத்தமான கை, நான் உத்தரவாதம்னு." போட்டோ எடுத்தார். "என்னமோ விஷயம்னீங்களே?"

"ஒண்ணுமில்ல," என்றார் உப்புத்தாள். "துணியால மட்டும் தொடைங்க."

மறுநாள் கிளினிக்கில் கண்ணாடிப் பெட்டி நடுமேசையில் இருந்தது. உள்ளே கருநீல வெல்வெட். ஏழு தலைகளும் அதன்மேல் கவிந்திருந்தன.

"ஒரே ஒரு தடவ அடிச்சுக் காட்டுங்களேன்," என்றார் பல் டாக்டர். "நம்ம கம்ப்ரசர் இருக்கு. பல்லுக்கு ஊதுற காத்துதான், சுத்தமானது. தண்ணியே ஊத்துங்க, போதும்."

எல்லாரும் உப்புத்தாளைத் திரும்பிப் பார்த்தார்கள். பிரிக்காதே, தொடாதே என்று எத்தனையோ ஞாயிறு சொல்லிவிட்டு, இன்றைக்கு என்று பார்த்து இவர்களுக்கு ஆசை வந்திருக்கிறது.

"வேணாம் டாக்டர்," என்றார் அவர். "இவ்வளவு பழசுல போய் எதையாவது ஊத்துறதா? அது அப்படியே இருக்கட்டும். ஒரு தடவ அடிச்சாலும் அதோட மதிப்பு போயிடும்."

மருந்துக்கடைக்காரர் மெல்ல எழுந்து வந்து அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இந்த வார்த்தைய உங்க வாயால கேக்க எத்தன வருஷம் காத்திருந்தேன் தெரியுமா?"

"இப்பத்தான்யா நீங்க நம்ம ஆளு!" என்றார் டாக்டர்.

யாரோ கைதட்டினார்கள். மேனேஜர் பெருமையோடு எல்லாரையும் பார்த்தார், சகலையை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்தது தான்தான் என்பதுபோல. பிறகு பையிலிருந்து ஒரு தடித்த அட்டையை எடுத்தார். பெட்டிக்குள் வைப்பதற்காக அச்சடித்தது. கண்டெடுத்தவர் என்ற இடத்தில் அவருடைய பெயர் இருந்தது. அதன் கீழே 'நிலை' என்று போட்டு, பக்கத்தில் இடம் விட்டிருந்தது.

"இத நீங்கதான் எழுதணும். தெரிஞ்சவர் எழுதினாத்தான் அதுக்கு ஒரு கௌரவம்."

உப்புத்தாள் பேனாவை வாங்கினார். அவர் எழுத்து அழகான எழுத்து. லிஃப்ட் சோதனைச் சீட்டுகளில் நாள்தோறும் எழுதிப் பழகியது. 'நன்றாக இயங்குகிறது' என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார்.

"யாரும் தொடாதீங்க," என்றார் மேனேஜர் மற்றவர்களிடம். "மை காயட்டும்."