குரங்கின் மூளையில் சிவதாணு

பிளெக்ஸின் மேல்முனையைத் தென்னையில் கட்டிவிட்டு, கீழ்முனையைக் கட்ட இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தாணம்மாள் வாசல் வழியாக அதை எழுத்துக் கூட்டி வாசித்தாள். ‘பத்மநாபபுரம் தந்த மூளை விஞ்ஞானி சிவதாணு.’ வீட்டில் சட்டையே போடாத மனுஷன் படத்தில் கோட்டு போட்டிருந்தார். பக்கத்தில் ஒரு ராக்கெட்.

“ராக்கெட்டு எதுக்குட்டி?” என்று மகளிடம் கேட்டாள்.

“கடைல மூளைப் படம் இல்லையாம். விஞ்ஞானின்னா இதுதான் கெடக்குன்னுட்டானாம்,” என்றாள் அஞ்சு.

நேற்று மத்தியானம் மோருக்கு உப்பு போதாது என்று சொல்லிவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. எழுபத்துநாலு வயது. யாருக்கும் தொந்தரவில்லாத சாவு என்று வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். வயதானவர்கள் பாராட்டும்போது கொஞ்சம் பொறாமையும் தெரிந்தது.

பெங்களூரில் ஒரு மூளை ஆராய்ச்சிக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் சிவதாணு குரங்குகளின் கூண்டு கழுவினார், பழம் நறுக்கினார், ஆராய்ச்சி நடக்கும்போது குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஜூஸ் விட்டார். ஊர் திரும்பியபின் கேட்டவர்களிடமெல்லாம் இதைத்தான் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. பெரிய ஆட்கள் அப்படித்தான் அடக்கமாகப் பேசுவார்கள் என்று தீர்மானித்துவிட்டார்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் தெரு நலச்சங்கத் தலைவருமான நாராயணபெருமாள் நாலு பக்கத் தாளோடு வந்து சேர்ந்தார். அந்தத் தெருவில் அவருடைய இரங்கல் உரையைக் கேட்காமல் எவரும் சுடுகாடு போனது கிடையாது.

“சாரே, அதுல குரங்கு உண்டுமா?” என்று கேட்டாள் தாணம்மாள்.

“மைனி, துக்க வீட்டுல குரங்குன்னு சொன்னா கொறச்சல் பாத்துக்கிடுங்க. ‘உயிரினங்கள்’னு போட்டிருக்கேன்.”

“ஜூஸு?”

“அதெல்லாம் எதுக்கு? ‘உலகம் வியந்த ஆய்வு’ன்னு முடிச்சாச்சு.”

தாணம்மாள் பிளெக்ஸைத் திரும்பப் பார்த்தாள். கோட்டு போட்ட இந்த ஆளை அவளுக்குத் தெரியாது. இவரைத்தான் எடுத்துக்கொண்டு போகப்போகிறார்கள். அப்படியானால் அவளுடைய ஆளை அனுப்பிவைக்கப்போவது யார்?

மைக் கரகரத்தது. “மனித மூளையின் மர்மக் கதவுகளைத் திறந்த மாமேதை…”

மூன்றாவது ‘மாமேதை’யில் அவள் எழுந்து வாசலுக்கு வந்தாள்.

“சாரே, நிறுத்துங்க. அவிய விஞ்ஞானி இல்ல. குரங்குக்கு ஜூஸ் குடுத்தவிய.”

“அம்மா, சும்மா இரி,” என்று அஞ்சு முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“நீ விடுட்டி. குரங்குக்க மூளைக்குள்ள மயிரவிட மெல்லிசா ஒரு கம்பி விட்டிருப்பாவ. அங்க உள்ள செல்லு பேசுனா ஸ்பீக்கர்ல டப் டப்னு கேக்கும். மொதல்ல ஜூஸு வாயில பட்டா அடிக்கும். பொறவு டிவில ஒரு படத்தக் காட்டிட்டு ஜூஸு விடுவாவ. கொஞ்ச நாள்ல படத்தப் பாத்ததுமே அடிக்கும். ஜூஸு வரும்போ அடிக்காது. வரும்னு தெரிஞ்சாச்சுல்லா. படத்தக் காட்டிட்டுக் குடுக்கல்லன்னா சும்மா கேட்டுட்டிருக்க சத்தமும் நின்னுபோவும்.”

“ஏமாந்துட்டுதுல்லா,” என்றான் பந்தலில் இருந்த எதிர்வீட்டு எட்சன்.

“ஆமா மக்கா. ஆனா ஒரு குரங்குக்கு மட்டும் படம் வரதுக்கு முன்னயே அடிச்சுது. ஆறு மாசம் டாக்டர்மாரு மிஷினப் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தாவ. ஒண்ணும் பிடிபடல்ல. அப்பதான் அவிய சொன்னாவளாம், ஸார், அது படத்தப் பாத்து அடிக்கல்ல, என்னப் பாத்து அடிக்கின்னு. எல்லாரும் சிரிச்சாவ. அவிய வெளிய போனாவ. சத்தம் இல்ல. கதவத் தொறந்து உள்ள வந்தாவ. டப்டப்டப்டப்.”

பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் அவள் பக்கம் திரும்பின.

“பொறவு அவிய நிக்க எடத்துல ஒரு தெரச்சீலையத் தொங்கவிட்டாவ. ஆராய்ச்சி நேராச்சு.”

“அப்பம் அந்த ஆறு மாசமும் நம்ம அண்ணாச்சியத்தான் ஆராய்ச்சி பண்ணியிருக்கானுவ,” என்றான் எட்சன்.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. அடக்கப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகமாக வந்தது. அஞ்சு வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது, எதனால் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. நாராயணபெருமாள் தாளைப் புரட்டினார். நாலு பக்கத்திலும் அந்த நேரத்துக்கு உதவுகிற ஒரு வரி இல்லை. மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, வகுப்பில் ஒருநாளும் கேட்டிராத குரலில் கேட்டார்.

“வேற யாரயாவது பாத்து அடிச்சுதா மைனி?”

“ஒரு டாக்டரப் பாத்தும் அடிக்கல்ல.”

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “செரி, எடுக்கலாம்,” என்றார். பிளெக்ஸை அவிழ்க்கச் சொல்லவில்லை. ஒரே நாளில் அவ்வளவு தூரம் மாற யாராலும் முடியாது. ஆனால் பாடையின் முன்பக்கக் காலுக்கு அவரே தோள் கொடுத்தார். படி இறங்கும்போது, “மெதுவா, மெதுவா,” என்று அவர் சொன்னது மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது.

ஆண்கள் போனபிறகு வீட்டைக் கழுவி விட்டார்கள். தாணம்மாள் குளித்து, ஈரத்தலையோடு பின்வாசலில் உட்கார்ந்தாள். அடுப்பு மூட்டாத வீடு என்பதால் எட்சனின் மனைவி லீமா பிளாஸ்க்கில் பால் விடாத கட்டன்காப்பி கொண்டுவந்து ஊற்றினாள்.

“சீனி கூடிப்போச்சு அக்கா. வேற போட்டுக் கொண்டாரட்டா?”

“இருக்கட்டும்.”

தாணம்மாள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிச் சொட்டுச் சொட்டாகக் குடித்தாள்.