துணி சுற்றிய வால்வு

மேசைமேல் இரண்டு வால்வு மாதிரிகளை டாக்டர் வைத்ததும் என் கை தானாகப் புதியதை எடுத்தது. இருபத்திரண்டு வருடமாக எங்கள் ஊர் மண்ணரையில் பனியன் கம்பெனி நடத்துகிறவன் நான். துணியைக் கண்டால் தடவாமல் இருக்க முடியாது.

"இந்த வெளித் துணி பழைய மாடல்ல இல்லீங்களே?"

"அதுதான் வித்தியாசம். தொடை ரத்தக்குழாய் வழியா சுருக்கிக் கொண்டுபோய் இதயத்துல விரிச்சு விடறோம். பழசுல ஓரமா ரத்தம் கசிய வாய்ப்பு அதிகம். புதுசுல துணி அந்த இடுக்கை அடைச்சுக்கும்."

"அப்பாவுக்குப் புதுசுதாங்க. வேற பேச்சே வேண்டாம்," என்றேன். அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது.

பக்கத்தில் என் மனைவி இந்துமதியும் அவள் அம்மா ரங்காத்தாளும் இருந்தார்கள். அத்தைக்குப் போன வருடம் இதே டாக்டர்தான் வால்வு வைத்தார். அப்பாவுக்குத் தைரியம் சொல்லவென்றே பொங்கலூரிலிருந்து வந்திருந்தார். அங்கே ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்: "எங்க மாப்ள துணி எடுக்கற மாதிரி வால்வையும் விரல் வெச்சுப் பாத்துத்தானுங்க எடுத்தாரு." கேட்கும்போதெல்லாம் நானும் தலையாட்டியிருக்கிறேன், வெட்கங்கெட்டவன்.

"அம்மாவுக்கு வெச்சது எதுங்க டாக்டர்?" என்று கேட்டாள் இந்துமதி. "இன்னும் படி ஏறுனா மூச்சு வாங்குது. ஓரத்துல கசிவு இருக்குன்னு போன மாசம் ஸ்கேன்ல சொன்னாங்க."

டாக்டர் பழைய மாடலைத் தொட்டார். "இது. அப்பவே ரெண்டையும் காட்டித்தான் கேட்டேன்," என்று என்னைப் பார்த்தார்.

என் காது சுட்டது. அன்று அத்தையின் கட்டிலை மறைத்த திரைக்கு வெளியே நின்றிருந்தேன். காதில் போன். கன்டெய்னர் பாதி நிரம்பாமல் நிற்கிறதென்று சூப்பர்வைசர் கத்திக்கொண்டிருந்தான். டாக்டர் நீட்டிய மாதிரிகளை நான் தொடவே இல்லை. "எழுபத்தஞ்சு வயசாச்சுங்க, பழசே போதும்" என்று சொல்லிவிட்டு மறுபடி போனுக்குப் போய்விட்டேன். ஓடுகிற மாடலை ஏன் மாற்ற வேண்டும் என்கிற கம்பெனிப் புத்தி என்று எனக்கு நானே சமாதானம் சொல்லியிருந்தேன். அப்பா என்று வந்தபோது அந்தப் புத்தி எங்கே போனதோ!

"ஏனுங்க, நீங்க பாத்துத்தான எடுத்தீங்க?" என்றாள் இந்துமதி.

நான் கையிலிருந்த வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"மாப்ளைய ஏங் கண்ணு கேக்கற?" என்றார் அத்தை. "நாந்தான் சொன்னேன். எழுபத்தஞ்சு வயசாச்சுங்க, பழசே போதும்னு."

ஒரு சொல் மாறவில்லை. அன்று திரைக்கு அந்தப் பக்கம் அவர் தூங்குகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். எல்லாம் தெரிந்துகொண்டே ஒரு வருடமாக ஊரெல்லாம் என்னைப் புகழ்ந்திருக்கிறார். டாக்டர் குனிந்து எதையோ எழுத ஆரம்பித்தார்.

இல்லை, சொன்னது நான்தான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன வாய், "ஆமாங்கத்தை" என்றது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அத்தை என் கையிலிருந்த வால்வை வாங்கினார். சுற்றியிருந்த துணியை விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தார்.

"நல்ல துணிங்க மாப்ள," என்றார். "சம்மந்திக்கு இதையே வெச்சிருங்க."