பூட்டிக் கிடந்த காப்பகம்

புருஷன் இறந்ததும் கொழுந்தன்மார் வீட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். சேவுகம்பட்டிப் பக்கம் தோட்டங்களில் பூப்பறித்துப் பிழைத்த பேச்சாயி அப்படித்தான் திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு வந்து சேர்ந்தாள். அங்கே இரவில் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டவள் காது கேளாத, வாய் பேசாத ஒரு பெண். எந்த ஊர், என்ன பெயர் என்று யாருக்கும் தெரியாது. பேச்சாயிதான் அவளுக்கு அய்யம்மாள் என்று பெயர் வைத்தாள்.

பேகம்பூரில் வாடகை வீடு பிடித்து, போக்கிடமில்லாத பெண்களைத் தங்கவைத்திருந்தாள் மெஹராஜ். அங்கே இன்னொரு பாய் விரிக்க இடமில்லை. அரசு கட்டிய பெண்கள் காப்பகமோ வர்ணம் பூசி, கட்டில் போட்டு, பூட்டிக் கிடந்தது. பெரிய மனிதர் யாராவது வந்து ரிப்பன் வெட்ட வேண்டுமாம். தேதி கிடைக்கவில்லையாம். கேட்டுக் கேட்டு மெஹராஜுக்குச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

ஒரு நாள் காலையில் அவள் இட்லிப் பொட்டலங்களோடு பேருந்து நிலையத்துக்குப் போனபோது, அங்கே படுத்துக்கிடக்கும் பெண்கள் ஒருவரையும் காணோம். தரை கழுவி விடப்பட்டிருந்தது. ஊருக்கு யாரோ முக்கியமானவர்கள் வருகிறார்களாம். காப்பகத்துக்குக் கூட்டிப்போகிறோம் என்று சொல்லி எல்லோரையும் வேனில் ஏற்றிப் போனதாகப் பூக்காரி சொன்னாள். பேச்சாயி தலைவாரி, அய்யம்மாளுக்கும் வாரிவிட்டுத்தான் ஏறினாளாம்.

மெஹராஜ் காப்பகத்துக்கு ஓடினாள். பூட்டு அப்படியே தொங்கியது.

தம்பி அப்பாஸின் ஆட்டோவில் ஊரைச் சுற்றித் தேடினாள். சிறுமலைச் சாலையில், உச்சி வெயிலில், பேச்சாயியும் மற்றப் பெண்களும் வெறுங்காலோடு நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

"குப்பையக் கொட்டுற மாதிரி கொட்டிட்டுப் போயிட்டாங்கக்கா," என்றாள் பேச்சாயி. "அய்யம்மா மெரண்டு காட்டுக்குள்ள ஓடிட்டா. நான் கத்துனது அவளுக்குக் கேக்குமா?"

பொழுது சாயும்வரை தேடினார்கள். கிடைக்கவில்லை.

மறுநாள் பெண்கள் எல்லோரும் காப்பக வாசலில் போய் உட்கார்ந்தார்கள். அதிகாரி ஒருவர் வந்து, திறப்பு விழா முடியட்டும், அதுவரை பொறுத்திருங்கள் என்றார். மெஹராஜ் எழுந்து நின்றாள்.

"பொம்பள ரோட்டுல கெடக்குறதுக்கு எந்த விழாவும் வேணாம். உள்ள வந்து படுக்குறதுக்கு மட்டும் விழா வேணுமா சார்?"

அதற்குள் தெரு கூடிவிட்டது. பலர் செல்போனில் படம் பிடித்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் அதிகாரி சாவிக்கு ஆள் அனுப்பினார். இத்தனை நாளாக அசையாத கதவு அரை மணி நேரத்தில் திறந்தது.

பேச்சாயி கட்டிலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மெஹராஜைக் கூட்டிக்கொண்டு நேரே காவல் நிலையத்துக்குப் போனாள். காணாமல் போனவளின் சொந்த ஊர், அப்பா பெயர், போட்டோ என்று வரிசையாகக் கேட்டார்கள். எதுவும் இல்லை. கடைசியில், நீ அவளுக்கு என்ன உறவு என்றார் எழுத்தர்.

"பக்கத்துல படுத்திருந்தவ."

அவர் சிரித்தார். பேச்சாயி சிரிக்கவில்லை.

"எழுதுங்க சார். எழுதாம நான் இங்கிருந்து போறதா இல்ல."

சாயங்காலம்வரை அந்தத் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். வேறு வழியில்லாமல் எழுதினார்கள்.

இப்போது அந்தக் காப்பகத்தில் பெண்கள் இருக்கிறார்கள். மெஹராஜ் தினமும் போய்ப் பார்த்துவருகிறாள். சிறுமலைக்குப் போகும் பேருந்தில் பேச்சாயி அடிக்கடி ஏறி, எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் விசாரிக்கிறாள். அய்யம்மாள் இன்னும் கிடைக்கவில்லை. அந்த வேனை அனுப்பியது யார் என்று காவல்துறையில் இதுவரை ஒருவரும் கேட்கவுமில்லை.