மருந்தில்லாத காய்ச்சல்

சலவைக்கடைக்காரர் தலையணை உறையைப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டார். ரத்தக்கறைக்குச் சுடுதண்ணீர் ஆகாது. இது பின்னறையில் கிடக்கும் தம்பியின் ஈறிலிருந்து வந்த ரத்தம். தம்பி ஆடு அறுக்கும் வேலைக்குப் போகிறவன். காய்ச்சலோடு அடித்துப்போட்டதுபோல் உடம்பு வலிக்கிறது என்றவனுக்கு வலி மாத்திரை வாங்கிக் கொடுத்ததும் இவர்தான்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாங்க" என்றாள் மனைவி.

"போனா ஊருக்கே தெரிஞ்சிடும். அப்புறம் எவன் நம்மகிட்ட துணி போடுவான்? ஈ ஓட்ட வேண்டியதுதான்."

"ஈ ஓட்டிக்கலாம். தம்பி போயிட்டா திரும்பக் கொண்டுவர முடியுமா?"

மாலையில் மூக்கிலும் ரத்தம் வந்தது. அவள் அவரைக் கேட்கவே இல்லை, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் தம்பியைத் தனி அறையில் சேர்த்ததும், முகக்கவசம் போட்டிருந்த டாக்டரம்மா சொன்னார்: "இது ரத்தக்கசிவுக் காய்ச்சல், ரத்தம் பட்டாத் தொத்தும். இந்த வைரஸை நிச்சயமா கொல்லுற மருந்துன்னு ஒண்ணு இல்லீங்க."

சலவைக்கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "மருந்தே இல்லைன்னா எதுக்குங்க உள்ள வச்சிருக்கீங்க?"

"மருந்து இல்லைன்னேன், சிகிச்சை இல்லைன்னு சொல்லலையே. நீர்ச்சத்து ஏத்துறோம், ரத்தம் ஏத்துறோம், மூச்சுக்கு உதவி பண்றோம். சண்டை போடுறது அவர் உடம்பு. அது விழுந்துடாம நாங்க தாங்கிப் பிடிக்கிறோம்."

"அப்ப பொழைச்சிருவானா?"

"பொழைச்சவங்களும் உண்டு, போனவங்களும் உண்டு. முன்னாடியே வந்திருந்தா தைரியமா சொல்லியிருப்பேன். நீங்க குடுத்ததாச் சொன்ன வலி மாத்திரை வேற ரத்தக்கசிவைக் கூட்டியிருக்கும்."

எந்தக் கறையையும் பார்த்ததுமே போகும், போகாது என்று சொல்லிவிடுகிறவர் அவர். இந்தப் பதிலை எந்தப் பக்கம் மடிப்பது என்றே தெரியவில்லை.

"அவர் ரத்தம் பட்டதை யாராவது தொட்டாங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தம்பியின் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"நான் வெறுங்கையால துவைச்சேங்க. அதே தொட்டியில தையல்கார அக்கா வீட்டுத் துணியையும் நனைச்சு, அவங்ககிட்ட குடுத்தும் விட்டேன்."

கடைக்குத் தானே பூட்டுப் போட்டதுபோல் இருந்தது.

"நல்லவேளை சொன்னீங்க. நீங்களும் உங்க வீட்டம்மாவும் கண்காணிப்புல இருக்கணும். அந்தத் தையல்கார அம்மாவையும் பார்த்தாகணும்."

அவரே தையல்காரிக்குப் போன் போட்டார். "அக்கா, நான் குடுத்த துணியைத் தொடாதீங்க. ஆஸ்பத்திரி ஆளுங்க வருவாங்க. தம்பிக்கு ரத்தக்கசிவுக் காய்ச்சல்."

"ஐயோ, பொழைப்பானாப்பா?"

"தெரியலக்கா. எனக்கு ஒண்ணுமே புரியல. ஒண்ணு மட்டும் புரியுது. காய்ச்சல் வந்தது எங்க குத்தமில்ல, மூடி வச்சதுதான் குத்தம். உங்க வீட்டுல யாருக்காவது உடம்பு சுட்டா, ஊர் என்ன சொல்லும்னு பார்க்காதீங்க. உடனே வந்துடுங்க."